நாற்பத்தெட்டு மணி நேரக் குளம்

இந்தக் குளத்தின் வேலை
காலியாக இருப்பது.

மழை வந்தால் வாங்கிக்கொள்ளும்,
வண்டலை அடியில் விடும்,
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
எலுமிச்சை அளவுத் துளை ஒன்றின் வழியே
எல்லாவற்றையும் ஓடைக்குக் கொடுத்துவிடும்.
வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மழை ஓய்ந்து இன்றோடு ஒன்பது நாள்.
என் முழங்கால் பூட்ஸின் விளிம்பில்
தண்ணீர் தளும்புகிறது.

நாக்ஸ்வில்லுக்கு வடக்கே
மூடிப்போன பௌலிங் கூடத்தின் பின்னால்
வேலி போட்ட கால் ஏக்கர்.
மெத்தைக் கடை, பல் மருத்துவர், சலவை நிலையம்,
மூன்றின் கார் நிறுத்தமும்
தன் எண்ணெய்க் கையை இங்கேதான் கழுவுகிறது.
ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை
உரிமம் பெற்ற பொறியாளர் இறங்கிப் பார்த்து
கையெழுத்துப் போட வேண்டும்.
அது நான், வெர்னா டிப்டன்.
கட்டணம் எழுநூறு டாலர்,
சேறு இலவசம்.

டார்வின் ப்ளெட்சோ வேலிக்கு வெளியே நிற்கிறார்,
புது ஷூ.
"இது என்னுடையதா?"
மூன்றாம் முறையாகக் கேட்கிறார்.
பத்திரத்தின் பதினேழாம் பக்கத்தைக் காட்டுகிறேன்.
"கட்டடம்தான் வாங்கினேன்,
பள்ளம் வாங்கவில்லையே."
பள்ளமும் அதன் கரையும்
கரையில் முளைத்த வில்லோ கன்றுகளும்
அவற்றை வெட்டும் செலவும், ஐயா.

அளவுகோலை ஊன்றுகிறேன்.
வண்டல் பதினான்கு அங்குலம்.
இரண்டு தள்ளுவண்டிகள்.
ஊதா நிறத்தில் ஒரு பௌலிங் பந்து,
மூன்று கண்ணிலும் சேறு.
மூலையில் ஒரு நாரை
என்னைவிடப் பொறுமையாக
ஆய்வு செய்துகொண்டிருக்கிறது.

மதகில் கையை விட்டேன்.
துளை அடைபட்டிருக்கிறது.
குப்பையால் அல்ல,
பலகையால்.
மேப்பிள், அம்புக்குறி பதித்தது,
பந்து உருளும் தளத்திலிருந்து அறுத்தது.
ரம்பம் பிடித்த கைக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.
ஓரம் கசியாமல் ஒரு துண்டு சுற்றி,
துண்டில் சிவப்பு நூலால்
சலவை நிலையத்தின் பெயர்.

பின்கதவு திறந்து ஓஸெல்லா வந்தாள்,
கையில் பாதி சாண்ட்விச்.
மறைக்கவில்லை.
"கசியுதா? ரெண்டு சுற்று சுற்றினேனே."

ஏன் என்று கேட்டேன்.

"உள்ளே பன்னிரண்டு உலர்த்தும் எந்திரம்.
நாள் பூரா காயவைக்கிறேன்.
பத்து நிமிஷ இடைவேளையில்
ஈரமா ஒண்ணைப் பார்க்கணும்னு இருந்துச்சு."

எவ்வளவு நாளாக?

"ஆறு வருஷம் ஆச்சு."

வண்டிக்குப் போய்ப் பழைய கோப்பை எடுத்தேன்.
ஐந்து ஆண்டுக்கு முன், வறண்ட செப்டம்பர்.
தேங்கிய நீர்: இல்லை.
வெளியேற்றும் துளை: சரி.
கீழே முத்திரை, என் பெயர்,
அவசரத்தில் டி-க்குக் கோடு போடாத என் கையெழுத்து.
நான்காம் படத்தின் ஓரத்தில்
காய்ந்த புல்லுக்கு நடுவே
கட்டைவிரல் அகலம் மேப்பிள்.
இருந்திருக்கிறது. எடுத்திருக்கிறேன்.
பார்க்கவில்லை.

போன ஏப்ரலில் மூன்று அங்குல மழை.
நிரம்பியிருந்த குளம் வாங்கிக்கொள்ள வழியில்லாமல்
வந்ததை வந்தபடியே
கலுங்கு தாண்டி அனுப்பியது.
கால் மைல் கீழே,
ஓடைக் கரையில்,
யாருடைய வீட்டுப் படியோ மிதந்ததென்று
செய்தியில் பார்த்தேன்.
ஐயோ என்றுவிட்டு காபி ஊற்றப் போனேன்.

பலகையை இழுத்தேன்.
குளம் ஒருமுறை விக்கியது.
பிறகு குழாய்க்குள் அந்தச் சத்தம்,
நெடுநேரம் அடக்கியவர்
பேசத் தொடங்கினாற்போல.

"முழுக்கப் போயிடுமா?"
வியாழனுக்குள்.
"நாரை?"
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ப்ளெட்சோ வேலிக்கு அப்பாலிருந்து
பில் யாருக்கு வரும் என்கிறார்.

தோல்வி என்று எழுதினேன்.
சென்ற ஆய்வறிக்கையும் தவறு என்று எழுத
இடம் விடப்படவில்லை.
ஓரத்தில், பக்கத்தைத் திருப்பிப் பிடித்து,
சிறிய எழுத்தில் எழுதினேன்,
இம்முறை டி-க்குக் கோடு போட்டு.

ஓஸெல்லா துண்டைக் கேட்டாள்.
பிழிந்து கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தவள்
முகத்தைச் சுளித்து,
"ரெண்டு தடவை போடணும் இதை" என்று
உள்ளே போனாள்.